நசுங்கிய முத்திரை

அத்தியாயம் 4

டிவி மாமாவுக்குக் கை அரித்தது.

கொலை, கொள்ளை எதுவானாலும் மனுஷன் தாங்கிக்கொள்வார். ஆனால் ஒரு டிவியின் படம் சுருங்கி, மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒரு கறுப்புப் பட்டை என்று விழுந்து கிடந்தால் அதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது. ஆயுசில் பாதியை டிவி மெக்கானிக்காகக் கழித்தவர். கடையை மூடிவிட்டு அக்கா மகளிடம் துப்பறியும் உதவியாளராகச் சேர்ந்துவிட்டால் மட்டும் பழைய புத்தி போய்விடுமா?

"கண்ணு, பின்னாடி ஒரு திருகு இருக்கும். லேசா திருப்பினா போதும், படம் முழுசா வந்துடும்" என்றார்.

"தொட்டீங்க, கையை உடைப்பேன் மாமா" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவளுக்கு ஊரார் வைத்த பேர் துப்பு. 'எல்லார் வீட்டிலயும் பெத்த பிள்ளையை துப்பு கெட்டதுன்னு திட்டுவாங்க, எங்க அக்கா மட்டும் துப்பையே பெத்துட்டா' என்று மாமா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். வயதில் பாதிதான். ஆனால் முதலாளி அவள், எடுபிடி இவர். சம்பளம் கேட்டால் 'சொந்தத்துல என்ன மாமா கணக்கு' என்பாள்.

அந்த அறை ஓர் எம்பிராய்டரி கடையின் பின்கட்டு. மேஜை மேல் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று. விசைப்பலகை மாதிரி இருந்தது, ஆனால் மொத்தக் கம்ப்யூட்டரும் அதற்குள்ளேயேதான். அதன் முதுகிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி டிவியின் ஆன்டெனா துளைக்குள் போனது. பக்கத்தில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு ஃப்ளாப்பி டிரைவ். அதையடுத்து எம்பிராய்டரி மெஷின், ஊசியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

கடையின் சொந்தக்காரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். மாமா அவளுக்கு வந்த உடனேயே ஊசியக்கா என்று பேர் வைத்துவிட்டார். தோளில் ஒரு கைப்பை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் கைப்பையை மட்டும் இறக்கவில்லை. அந்தப் பைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்பதுதான் மாமாவின் முதல் சந்தேகம்.

ஸ்டூலில் இன்ஸ்பெக்டர். மடியில் கண்ணாடிக் கவர், கவருக்குள் ஒரு வெள்ளைக் கோட்டு.

"இதுல துப்பறிய ஒண்ணும் இல்லம்மா" என்றார் அவர். "வாசனைத் தைலக் கம்பெனி. நேத்து ஷிஃப்ட் மாறுற நேரத்துல ஒருத்தன் இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு, மூஞ்சிக்குத் துணி கட்டிக்கிட்டு, நேரா சோதனைக் கூடத்துக்குள்ள போயிருக்கான். மூலத் தைலம் ஒரு குப்பி, அதோட ஆள் எஸ்கேப். கோட்டு மட்டும் பாத்ரூம் கூடையில கிடந்துச்சு. கம்பெனியில எல்லார் கோட்டும் அவங்கவங்ககிட்ட பத்திரமா இருக்கு. அப்ப இது அதிகப்படியா தச்ச கோட்டு. இந்த முத்திரையும் எழுத்தும் போட இந்தக் கடையை விட்டா வேற கடை கிடையாது. கடைச் சாவி ரெண்டு பேர்கிட்ட. இந்தம்மா, இவங்க தம்பி."

"தம்பி டெலிவரிக்குப் போறவன் சார், மெஷினைத் தொடவே மாட்டான்" என்றாள் ஊசியக்கா.

"தொட்டேன்னு அவனே ஒத்துக்கிட்டானே! ஒரு அடி அடிக்கல, ஒரு அதட்டல் போடல. கேட்டேன், நான்தான்னுட்டான். இப்ப ஸ்டேஷன்ல இருக்கான், சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போறேன். கோர்ட்டுக்குள்ள போயிட்டா அப்புறம் என் கையில இல்ல." இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுவுமில்லாம, அவன் பேரை முதல்ல எடுத்துக் குடுத்ததே இந்தம்மாதான்."

ஊசியக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டார். தம்பிகிட்டன்னு சொன்னேன். வேற யாரை மேடம் சொல்வேன்? அப்ப எனக்கே சந்தேகமா இருந்துச்சு. பைக் வாங்கணும், பைக் வாங்கணும்னு அரிச்சுக்கிட்டே இருந்தான். பாவி நான், சொல்லிட்டேன்."

மாமா மனசுக்குள் கணக்குப் போட்டார். தம்பி ஒத்துக்கொண்டான், அக்கா காட்டிக்கொடுத்தாள். குடும்பமே சேர்ந்து செய்துவிட்டு இப்போது ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறதோ? அக்காவின் அழுகை நிஜம்தான். ஆனால் பையை இறக்க மாட்டேன் என்கிறாளே!

துப்பு கோட்டை வாங்கி மேஜையில் விரித்தாள். பக்கத்தில் கடையில் தயாராக இருந்த நல்ல கோட்டு ஒன்றை வைத்தாள். இரண்டிலும் மார்பில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு மொட்டு, கீழே 'சோதனைப் பிரிவு' என்ற எழுத்து. புள்ளி புள்ளியாகத் தைத்த தையல்.

"மாமா, வித்தியாசம் சொல்லுங்க."

மாமா குனிந்தார். "எழுத்து ரெண்டுலயும் ஒண்ணுதான். வட்டம்... அட, இதுல வட்டம் நசுங்கிப் போச்சே! யாரோ மேல உக்காந்து எழுந்த மாதிரி இருக்கு."

"எழுத்து நசுங்கல. வட்டம் மட்டும் நசுங்கியிருக்கு. அக்கா, இதை எப்படிப் பண்றீங்கன்னு முதல்லேருந்து காட்டுங்க."

ஊசியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தாள். மாமா எட்டிப் பார்த்தார். பைக்குள் வேறு ஒன்றும் இல்லை, ஒரு சீப்பும் பஸ் டிக்கெட்டும்தான்.

"முத்திரை இருக்கிற ஃப்ளாப்பியைக் கடையில விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு கம்பெனி கண்டிஷன் மேடம். தூங்கும்போதுகூட தலைமாட்டுலதான். எழுத்து ஃப்ளாப்பி மட்டும் இங்கயே மேஜையில கிடக்கும்."

அவள் விசைகளைத் தட்டினாள். டிரைவ் கரகரத்தது. கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே, டிவியில் கட்டம் போட்ட திரை வந்தது. அதில் புள்ளிகளால் ஆன முத்திரை, நல்ல உருண்டையாக.

"ஒவ்வொரு எழுத்தையும் இப்படிக் கட்டத்துல புள்ளி வெச்சு வரையணும். முத்திரையும் கம்ப்யூட்டருக்கு ஒரு எழுத்து மாதிரிதான். ஆனா இது கம்ப்யூட்டர் எழுத்து, தையல் மெஷினுக்குப் புரியாது. அதுக்குத்தான் இந்த மாத்தி."

எழுத்துருவை மாற்றுகிற சின்ன புரோகிராம் அது. கடையில் அதற்குச் செல்லப் பேர் மாத்தி. திரையில் மூன்றே கேள்வி கேட்டது. எந்த எழுத்துரு? எந்த மெஷினுக்கு? என்ன பேரில் வைக்க? ஊசியக்கா பதில் அடித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தன. டிரைவ் முனகி அடங்கியது.

"மாத்தி வடிவத்தை ஏதாவது மாத்துமா?" என்றாள் துப்பு. "நீட்டுறது, குறுக்குறது?"

"ஒண்ணும் பண்ணாது. ஒரு புள்ளிக்கு ஒரு தையல். அதுக்குக் கண்ணா இருக்கு? புள்ளியை எண்ணும், அவ்வளவுதான். திரையில எப்படித் தெரியுதோ அப்படியே துணியில வரும். நான் எப்பவும் கண்ணால பாத்துதான் வரைவேன்."

"அப்ப நசுங்கினது எப்படி?"

இன்ஸ்பெக்டர் அதற்குள் முந்திக்கொண்டார்.

"நான் சொல்றேன். முத்திரை ஃப்ளாப்பி அக்கா பையில. தம்பிக்குக் கிடைக்கல. எழுத்து ஃப்ளாப்பி இங்க இருக்கு, அதை எடுத்துக்கிட்டான். முத்திரையை ஒரு கோட்டைப் பாத்து அவனே இந்தக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சான். பழக்கம் இல்லாத கை, நசுங்கிடுச்சு. உங்க துப்பு என் கேஸைத்தாம்மா பலமாக்குது!"

ஊசியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவுக்கே அது சரி என்று பட்டது. துப்பு மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் ஒரு பொருளை இப்படி வெறித்துப் பார்த்தால் யாருக்கோ ஏழரை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த நேரம் வாசலில் ஒரு குரல். "அக்கா, கதவைத் தள்ளுங்க! கை ஒடியுது!"

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வந்தார். நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பழைய டியூப் டிவி. அதை மூச்சு வாங்க வாசல் ஓரமாக இறக்கி வைத்தார்.

"இந்தக் கம்ப்யூட்டருக்கு வைத்தியர் இவர்தான் மேடம்" என்றாள் ஊசியக்கா. "போன வாரம்தான் வந்து சர்வீஸ் பண்ணிட்டுப் போனார். இவர் இல்லன்னா இது எப்பவோ செத்திருக்கும்."

"காலைல இன்ஸ்பெக்டர் சார் விசாரிக்கும்போது நானும் இங்க இருந்தேன். மனசே கேக்கல" என்றார் ரிப்பேர்க்காரர். "அக்கா இருக்கிற கஷ்டத்துல இந்த டிவி வேற கண்ணைக் கெடுக்குது. பழைய சாமான் கடையில ஒண்ணு கிடைச்சுது. நேரா அங்கேருந்துதான் வரேன். சும்மா வெச்சுக்கோங்க, காசு வேண்டாம். பழசை நான் எடுத்துட்டுப் போய்டுறேன்."

மாமாவுக்குப் பாயசம் குடித்த மாதிரி ஆகிவிட்டது. "பாஸ், நீங்க நூறு வயசு இருக்கணும்! வந்ததுலேருந்து நான் அதைத்தான் சொல்றேன், யார் கேக்குறா? கண்ணு, நல்லவங்க இன்னும் உலகத்துல இருக்காங்க."

"இருக்காங்க மாமா" என்றாள் துப்பு இனிமையாக. அந்த இனிமை மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "இவ்வளவு பழைய கம்ப்யூட்டருக்கு உதிரி பாகம் எங்க கிடைக்குது சார்?"

"அலையணும் மேடம். இந்த மாடல் இந்த ஊர்லயே இது ஒண்ணுதான். வேற யார்கிட்டயும் இல்ல."

"உங்ககிட்டயும்?"

"எனக்கெதுக்கு மேடம்? நான் வைத்தியர்தானே, நோயாளியை வீட்லயா வெச்சுக்குவேன்?"

மாமாவும் இன்ஸ்பெக்டரும் சிரித்தார்கள். துப்பும் சிரித்தாள். பிறகு மாமாவின் தோளைப் பிடித்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

"மாமா, ஒரு வட்டம் வரைங்க. ஃப்ளாப்பியைப் பாக்காதீங்க, கோட்டைப் பாத்து கண் அளவுல வரைங்க."

"எனக்கு ஸ்கூல்லயே வட்டம் வராது கண்ணு. டிராயிங் வாத்தியார் என்னைப் பாத்துத்தான் ராஜினாமா பண்ணார்."

"அதனாலதான் உங்களை உக்கார வெச்சேன். பழக்கம் இல்லாத கை வேணும்."

மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு புள்ளி வைத்தார், அழித்தார், மறுபடி வைத்தார். கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே ஒருவழியாக ஒரு வட்டம் வந்தது. கொஞ்சம் சொத்தை, ஆனாலும் வட்டம். மாத்தி தன் மூன்று கேள்வியையும் கேட்டது. ஊசியக்கா ஒரு துண்டுத் துணியை மெஷினில் பூட்டினாள். ஊசி தடதடவென்று இறங்கியது.

துணியில் வந்ததும் வட்டம்தான். சொத்தை, ஆனால் நசுங்கவில்லை.

இன்ஸ்பெக்டரின் நெற்றி சுருங்கியது. "இந்த மாமாவே நசுங்காம வரைஞ்சுட்டாரே?"

"அந்த 'வே' எதுக்கு சார்?" என்றார் மாமா.

"மேடம், நேரமாகுது. நான் டிவியை மாத்திட்டுக் கிளம்புறேனே?" என்றார் ரிப்பேர்க்காரர். அவர் கை ஏற்கெனவே பழைய டிவியின் ஒயரில் இருந்தது.

"மாத்தலாம். ஆனா ஒயரை எங்க மாமாதான் மாட்டுவார். பாவம், வந்ததுலேருந்து கை அரிக்குதாம்."

மாமா ஒரே தாவலில் எழுந்தார். புது டிவியைத் தூக்கிப் பழையதன் பக்கத்தில் வைத்தார். ஒயரை உருவி அதன் துளையில் செருகினார், சுவிட்சைப் போட்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் இடது கை தானாகவே சேனல் தேடும் குமிழுக்குப் போனது.

போன கை அப்படியே நின்றது.

படம் வந்துவிட்டிருந்தது. பளிச்சென்று, ஒரு புள்ளி மழைகூட இல்லாமல்.

"என்ன மாமா, திருகலையா?"

"திருகுறதுக்கு வேலையே வைக்கலையே கண்ணு!" மாமாவின் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "இந்த மாதிரி கம்ப்யூட்டரை ஒரு புது டிவியில மாட்டினா முதல்ல வெறும் புள்ளி மழைதான் வரும். மெதுவா திருகித் திருகி அதுக்கான இடத்தைத் தேடணும். சேனல் எதுவும் வராத மூலையில இருக்கும் அது. பழைய சாமான் கடையிலேருந்து நேரா வந்த டிவி, இந்த மூலையில ஏன் நிக்குது?"

ரிப்பேர்க்காரர் சிரிக்கப் பார்த்தார். "தற்செயலா இருக்கும் சார்."

"இருக்கலாம்" என்றாள் துப்பு. "அக்கா, உங்க முத்திரையைத் திரையில கொண்டு வாங்க."

ஊசியக்கா தட்டினாள். முத்திரை வந்தது. அவள் "ஐயோ!" என்று கத்திவிட்டாள். பழைய டிவியில் உருண்டையாக இருந்த வட்டம், புது டிவியில் முட்டையை நிறுத்தி வைத்த மாதிரி உயரமாக எழுந்து நின்றது.

"என் முத்திரையை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல அக்கா. இந்தக் கம்ப்யூட்டரோட புள்ளியே கொஞ்சம் உயரமான புள்ளி. நல்ல டிவியில அது அப்படித்தான் தெரியும். உங்க டிவிக்கு வியாதி, படம் மேலயும் கீழயும் சுருங்கிப்போச்சு. அந்தச் சுருக்கத்துல உயரப் புள்ளி சதுரப் புள்ளி ஆயிடுச்சு. துணியில தையலும் சதுரம். அதனாலதான் உங்களுக்கு திரையில பாத்தது அப்படியே துணியில வருது. மாமா, இன்னொரு வட்டம். இந்த டிவியைப் பாத்து."

மாமா வரைந்தார். திரையில் உருண்டையாகத் தெரிகிறவரை விடவில்லை. உயரமான புள்ளி என்பதால் மேலுக்குக் கொஞ்சம் புள்ளியே போதுமாக இருந்தது, அகலத்துக்குத்தான் நிறைய வைக்க வேண்டியிருந்தது. மாத்தி எண்ணிக் கொடுத்தது. ஊசி தடதடத்தது.

துப்பு துணியை உருவி, கவரிலிருந்து வந்த கோட்டின் மேல் வைத்தாள். அதே நசுங்கல்.

"அந்த முத்திரையை வரைஞ்சவன் நல்ல டிவி முன்னாடி உக்காந்து வரைஞ்சிருக்கான் இன்ஸ்பெக்டர் சார். இந்தக் கடையில உக்காந்து யார் வரைஞ்சாலும், எங்க மாமாவே வரைஞ்சாலும், நசுங்காது. அக்கா பையிலேருந்து திருடியிருந்தாலும் நசுங்காது. அப்ப தம்பி எப்படிச் செஞ்சான்? ஊர்ல இதே மாதிரி இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கு. இதோ இந்த டிவியோட அது பேசிப் பழகியிருக்கு." அவள் ரிப்பேர்க்காரர் பக்கம் திரும்பினாள். "காலைல ரெண்டு கோட்டையும் பக்கத்துல பக்கத்துல பாத்திருப்பீங்க. தப்பு எங்கன்னு உங்களுக்கு உடனே புரிஞ்சுது, வைத்தியராச்சே. இந்தச் சுருங்கின டிவியைத் தூக்கிட்டு உங்க டிவியை வெச்சுட்டா, அப்புறம் யார் வரைஞ்சாலும் நசுங்கும். பழி தம்பி மேலயே நிக்கும்."

"கதை நல்லா இருக்கு மேடம். தைக்கிற மெஷின் இங்கதானே இருக்கு? நான் எப்ப தச்சேனாம்?"

துப்பு கோட்டின் பாக்கெட்டைத் தொட்டாள். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "அக்கா, பாக்கெட் கோணலா இருக்கிற கோட்டை என்ன பண்ணுவீங்க?"

"கழிச்சுடுவேன். மெஷின் துடைக்க, டெஸ்ட் பண்ண..." ஊசியக்காவின் குரல் பாதியில் நின்றது. அவள் கண் மெல்ல ரிப்பேர்க்காரர் மேல் போய் நின்றது. "சர்வீஸ் பண்ணும்போது டெஸ்ட்டுக்கு ஒரு கழிசல் கோட்டு கேட்டீங்க. நான் முன்கட்டுல அளவு எடுத்துக்கிட்டு இருந்தேன். எழுத்து ஃப்ளாப்பியும் மேஜையிலதான் கிடந்துச்சு. மெஷின் ரொம்ப நேரம் ஓடுச்சு. டெஸ்ட்டுதானேன்னு விட்டுட்டேன். எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி உன்னை உள்ள விட்டேனேடா!"

ரிப்பேர்க்காரர் ஓடினார். ஓடியவருக்கும் வாசலுக்கும் நடுவில் மாமா இருந்தார். மாமா வீரர் ஒன்றும் இல்லை. பயத்தில் கையில் கிடைத்த ஒயரை இழுத்தார், அவ்வளவுதான். மறுமுனையில் இருந்த டிவி மேஜையிலிருந்து சரிந்து ரிப்பேர்க்காரரின் கால் மேல் இறங்கியது. அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"நல்ல டிவி போச்சே" என்றார் மாமா வருத்தத்துடன்.

இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டிவிட்டு, போனில் ஆட்களை ரிப்பேர்க்காரரின் வீட்டுக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் பதில் வந்தது. மேஜையில் இதே மாதிரி ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் டிவி இருந்த இடத்தில் தூசியில்லாத ஒரு சதுரம். டிரைவுக்குள் ஃப்ளாப்பி. அலமாரியில் பழைய சட்டைக்கு நடுவே குப்பி.

"ஒண்ணு மட்டும் இன்னும் புரியல" என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியைத் தலையில் வைத்தபடி. "செய்யாத பையன் எதுக்கு ஒத்துக்கிட்டான்?"

"எப்படிச் செஞ்சான்னு சொன்னானா சார்?"

"அதைத்தான் சொல்லவே இல்ல. கோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பாத்தான். முகம் வெளுத்துப்போச்சு. நான்தான் பண்ணேன், அக்காவைக் கூப்பிடாதீங்கன்னான்."

துப்பு ஊசியக்காவைப் பார்த்தாள். விளக்கிச் சொல்லத் தேவை இருக்கவில்லை. இந்த ஊரில் அப்படி ஒரு கோட்டு தைக்கத் தெரிந்தவள் அவன் அக்கா ஒருத்திதான். அவனும் சந்தேகப்பட்டிருக்கிறான். சந்தேகப்பட்டு, தன் தலையைக் கொடுத்திருக்கிறான்.

"நான் அவன் பேரைச் சொன்னேன்" என்றாள் ஊசியக்கா. "சார், அது அவனுக்குத் தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரி செய்தார்.

"நீங்களே சொல்லிடுங்க அக்கா" என்றாள் துப்பு மெதுவாக. "அடுத்தவங்க வாயிலேருந்து கேட்டா ரொம்ப வலிக்கும்."

ஊசியக்கா தலையை ஆட்டினாள். அழுகையை அடக்கிக்கொண்டு செருப்பைத் தேடினாள், ஒன்றுதான் கிடைத்தது. அதையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கி, ஸ்டேஷனுக்குப் போக நின்ற ஜீப்பைப் பார்த்து ஓடினாள்.

மாமா திரும்பினார். மேஜையில், வியாதிக்கார டிவியின் பக்கத்தில், அவள் கைப்பை கிடந்தது, வாய் திறந்தபடி.

"அக்கா, பை! பையை விட்டுட்டீங்க!" என்று கத்திக்கொண்டே மாமா அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.